மைசூர் மேட்டின் தமிழ் ஓரம்

கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் சாலையில் ஏறத் தொடங்கும் பேருந்து மறுபடி இறங்குவதே இல்லை. மலைப்பாதை என்றால் ஏறியதற்கு ஈடாக எங்காவது இறங்கியாக வேண்டும். இங்கே சூளகிரிப் பாறைகளைக் கடந்து ஆயிரம் அடிக்கு மேல் ஏறிய பிறகு நிலம் சமதளமாகி, பெங்களூருக்கும் மைசூருக்கும் நீண்டுகொண்டே போகிறது. மாறியது காற்று மட்டும்தான். காவிரிக் கடைமடையில், கடல் உப்பு வாடையில் வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடே பெரிய அதிசயமாக இருந்தது.

ஓசூரிலிருந்து தளிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். மத்திகிரியின் கால்நடைப் பண்ணை, பேளகொண்டப்பள்ளியின் தனியார் விமான ஓடுதளம், அதன்பிறகு சாலையின் இருபுறமும் வெள்ளை பாலித்தீன் கூரை வேய்ந்த பசுமைக்குடில்கள். நடுநடுவே சிவந்த மண்ணில் ராகிக் கதிர்கள். தளி மூவாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. இந்தக் குளிரைக் கண்டுதான் வெள்ளைக்காரர்கள் இதைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றார்களாம். தை மாதக் காலையில் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, காதுகளை மூடி மப்ளர் கட்டியிருந்தவர்களுக்கு நடுவே அரைக்கைச் சட்டையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

சாலையோரத்தில் ஒரு அம்மா அவரைக்காயைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் தெலுங்கில் சண்டை. ஆனேக்கல் பக்கமிருந்து வந்த வியாபாரியிடம் கன்னடத்தில் பேரம். என்னைப் பார்த்ததும் தமிழில், “கிலோ அம்பது சார், உரிச்சுக் குழம்பு வைங்க” என்றார். “எந்தப் பாஷைம்மா வீட்ல?” என்று கேட்டேன். “யாரு வந்திருக்காங்களோ அவங்க பாஷை” என்று சொல்லிவிட்டுத் தராசைத் தூக்கினார். இந்த வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம் பயிற்றுமொழியாக உள்ள அரசுப் பள்ளிகளும் உண்டு.

இந்தக் கலப்புக்கு நிலத்தின் உயரமும் ஒரு காரணம். பழைய சேலம் மாவட்டத்தை மூன்று படிகளாகப் பிரித்திருந்தார்கள்: சேலத்தைச் சுற்றிய தாழ்நிலம் தலகாட்; கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய நடுப்படி பாராமகால்; மேலே ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி இருக்கும் பாலகாட். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்தது கீழ் இரண்டு படிகளைத்தான். கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும், உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தபோது, மேற்படியான இந்த நிலம் மைசூரிடமே இருந்தது. 1799-ல் திப்பு விழுந்த பிறகுதான் இது சேலத்தோடு சேர்ந்தது. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது காவிரிக்கு அக்கரையில் உள்ள கொள்ளேகால் மைசூருக்குப் போனது. ஓசூர் தமிழ்நாட்டில் நின்றது. சேலத்திலிருந்து 1965-ல் தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரியும் பிரிந்தன. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மேல்விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

உயரம் இன்றைக்கும் காசாகிறது. குளிர்ந்த இரவில் ரோஜா மொட்டு மெதுவாக வளரும். மெதுவாக வளர்ந்தால் மொட்டு பெருக்கும், காம்பு நீளும். அமுதகொண்டப்பள்ளியில் அரசின் டிட்கோ பங்கோடு எழுந்த டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவும், தளியில் இந்திய – இஸ்ரேல் கூட்டு முயற்சியில் வந்த மலர் மகத்துவ மையமும் இந்தக் குளிரை நம்பித்தான் இங்கே வந்தன. ஒரு விவசாயியின் குடிலுக்குள் போய்ப் பார்த்தேன். ‘தாஜ்மகால்’ என்ற சிவப்பு ரகம். ஒவ்வொரு மொட்டுக்கும் விரலளவு வெள்ளை வலைத்தொப்பி மாட்டியிருந்தார்கள். தொப்பி இருக்கும்வரை இதழ் பிரியாது. உள்ளுக்குள்ளேயே திரண்டு மொட்டு தடிக்கும். பிப்ரவரி 14-க்காக மார்கழித் தொடக்கத்திலேயே கவாத்து செய்துவிடுகிறார்கள். அதிலிருந்து நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் மொட்டு வந்தாக வேண்டும். குளிர் கூடினால் பூ தாமதமாகும், வெயில் கூடினால் முந்திக்கொள்ளும். இரண்டிலும் நஷ்டம்தான்.

மொட்டு வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒன்றைக் கையில் கொடுத்தார். கெட்டியாக, எலுமிச்சம்பழம் போல் கனத்தது. “இது விரியக் கூடாது சார். விரிஞ்சிட்டா உள்ளூர் விலைதான்” என்றார். இருபது இருபதாக அட்டையில் சுற்றிக் குளிர்பதன அறைக்குப் போய், அங்கிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்குப் போகின்றன. வளர்த்தவர்கள் விரிந்து பார்க்காத பூ, கடல் தாண்டி யார் கையிலோ விரிகிறது.

மல்பெரித் தோட்டங்களும் இங்கே நிறைய. திப்பு காலத்தில் மைசூரில் வேரூன்றிய பட்டு வளர்ப்பு, மாநில எல்லையை மதிக்காமல் இந்தப் பக்கமும் இருக்கிறது. நான்கு முறை தோலுரித்து, மாதத்துக்குச் சற்றுக் குறைவாக இலை தின்ற புழுக்களைச் சந்திரிகைத் தட்டுகளில் விட்டிருந்தார்கள். கூடு கட்டி முடித்ததும் கூட்டை ஓசூருக்குக் கொண்டுபோவதா, கர்நாடகத்தின் ராமநகரத்துக்கு ஏற்றுவதா என்பதை அன்றைய விலை முடிவுசெய்யும்.

தளிக்குத் தெற்கே ஜவளகிரிக் காடு. அந்த வழியாகத்தான் ஆனை வருகிறது. பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஊடேதுர்க்கம், சூளகிரி வரைக்கும் போய்த் திரும்பும். ஐப்பசியில் தொடங்கி ராகி அறுவடை முடியும்வரை இந்த நடமாட்டம். காட்டின் பெரும்பகுதி, 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. பரப்பு 504 சதுர கிலோமீட்டர்.

காட்டோர வயல் ஒன்றில், புளியமரத்தின் மீது பரண் கட்டிக் காவல் இருந்த பெரியவரோடு ஓர் இரவு உட்கார்ந்திருந்தேன். கம்பளி, டார்ச் விளக்கு, பட்டாசு, தட்டுவதற்கு ஒரு தகர டின். சாப்பிட ராகிக் களியும் அவரைக் குழம்பும். “ஐயா, வந்தா எப்படி ஓட்டுவீங்க?” என்றேன். “நாம ஓட்டுறோம்னு சொல்லக் கூடாது தம்பி. அதுக்குப் போகணும்னு தோணினா போகும்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: “எங்கப்பா காலத்துல ராகி ஒண்ணுதான். அறுத்து முடிச்சா காடு வெறிச்சோடிக் கெடக்கும், ஆனையும் போயிரும். இப்ப போர் போட்டாச்சு, சொட்டுநீர் போட்டாச்சு. கோசு, பீன்ஸ், தக்காளின்னு வருசம் பூராப் பச்சை. அது ஏன் போகுது?”

அன்றிரவு எங்கள் பக்கம் வரவில்லை. விடிந்து பார்த்தால் பக்கத்து நிலத்தில் கதிர்கள் மட்டும் இல்லை; தாள் மிதிபட்டுச் சாய்ந்து கிடந்தது. சொட்டுநீர்க் குழாய் பிடுங்கி எறியப்பட்டிருந்தது. ஈரமண்ணில் பதிந்த தடத்தில், உள்ளங்கால் தோலின் வெடிப்புகள்கூட வரைபடம் வரைந்ததுபோல் தெளிவாகத் தெரிந்தன. நிலத்துக்காரர் வந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை. மிஞ்சியதை அன்றைக்கே அறுத்துவிடலாம் என்று ஆள் கூப்பிடப் போனார்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் காட்டுப்பாதையில்தான் இந்த மேட்டின் முழு உயரமும் உடம்புக்குத் தெரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெக்கை கூடிக்கொண்டே வரும். நாட்றாம்பாளையம் தாண்டிக் கீழே போனால் பிலிகுண்டுலு. காவிரி ஆறே இங்கே மாநில எல்லை. எதிர்க்கரை கர்நாடகக் காடு. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இங்கேதான் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் சொன்ன 192 டி.எம்.சி.யும், உச்ச நீதிமன்றம் 2018-ல் அதைக் குறைத்துச் சொன்ன 177.25 டி.எம்.சி.யும் இந்த இடத்தில் அளந்து கொடுக்கப்பட வேண்டிய தண்ணீர். எங்கள் ஊரில் ஆடி மாதம் முழுவதும் டீக்கடைகளில் அடிபடும் பெயர் இது. அளவு தெரிந்த எங்களுக்கு, அளக்கும் இடம் இவ்வளவு சின்ன ஊர் என்பது தெரியாது. தளி மலைகளில் பெய்யும் மழையும் சின்னாறாக ஓடிப் பஞ்சப்பள்ளி அணையில் தங்கி, ஒகேனக்கல் பக்கம் காவிரியில்தான் சேர்கிறது. கடைமடைக்காரன் நன்றி சொல்ல வேண்டிய பட்டியலில் இந்த ஊரும் உண்டு.

மேலே, காலம் வேகமாகப் போகிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு எழுந்த ஆலைகள் ஓசூரோடு நின்றன: அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன். இப்போது நாகமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைப்பேசிப் பாகங்கள் செய்கிறது. விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. சாலையோர ராகி வயல்களில் மனைப்பிரிவுக் கல் நட்டாயிற்று. வேலை வருவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆனை நடக்கும் வழியும், ஏரிக்கு நீர் வரும் ஓடையும் மனைப்பிரிவு வரைபடத்தில் இல்லை. கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கும் இதில் அக்கறை வேண்டும். மேட்டில் கெடுவது இறக்கத்தில்தான் வந்து சேரும்.

தளிக்குப் போக நினைப்பவர்கள் மார்கழி, தையில் போங்கள். ஓசூரிலிருந்து நகரப் பேருந்தே உண்டு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜவளகிரி, அஞ்செட்டிப் பாதைகளில் பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டாதீர்கள். அவரைக் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். வழியில் தார்ச்சாலையில் ராகித் தாளைப் பரப்பியிருந்தால் ஒதுங்காமல் மேலேயே ஓட்டிப் போங்கள்; கதிரடிக்க ஒரு சக்கரம் கூடக் கிடைத்தது என்று ஓரத்தில் நிற்பவர் கையசைப்பார்.