குடியம் குகை: கோடரி இருக்கு, ஆள் எங்கே?

சிதம்பரம், கடலூர் பக்கம் குகை தேடினால் கிடைக்காது. கொள்ளிடமும் வெள்ளாறும் கொட்டிய வண்டல் மண்ணில் குகைக்கு எங்கே போவது! ஆதிமனிதன் தங்கிய இடத்தைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் சென்னை போய், திருவள்ளூரில் பஸ் பிடித்து, பூண்டி தாண்டி குடியம் போக வேண்டும். அப்புறம் காட்டு வழியில் நடராஜா சர்வீஸ்தான். தண்ணீர் பாட்டில் அவசியம்.

குகை என்றதும் சுரங்கம் மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறை, பிரமாண்டமான கூரை மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். 1960களில் இங்கே தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. மனித எலும்பு? ம்ஹூம்.

பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் இதே கதைதான். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டறிந்த இடம். அங்குள்ள கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தார்கள். மிருகப் பற்கள்கூட சில கிடைத்தன. கோடரி செய்தவன் மட்டும் அகப்படவில்லை. எலும்பு தங்குவதற்கு மண்ணும் ஒத்துழைக்க வேண்டுமே.

இலங்கைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். களுத்துறை மாவட்டத்து பாகியன்கல குகையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனித எலும்புகளே கிடைத்திருக்கின்றன. குரங்கும் அணிலும் வேட்டையாடித் தின்ற கூட்டம்!

இங்கே நிஜமான சிக்கல் வேறு. அத்திரம்பாக்கத்தில் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறிவிட்டது என்று 2018-ல் அதே குழு சொன்னது. மாற்றியது நம் இனமா, வேறு மனித இனமா? ஒரே ஒரு மனிதப் பல் கிடைத்தால்கூடப் பாதி வழக்கு தீர்ந்துவிடும். அதுவரை பூண்டி அருங்காட்சியகத்தில் கோடரிகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.