இரண்டு கார்டு

‘‘அண்ணா, நீ கஞ்சா பாத்திருக்கியா?’’

இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த எனக்குக் கரண்டி நழுவிவிட்டது. கேட்டது என் சித்தப்பா மகள். சாமி விளக்கை ஏற்றாமல் காபிகூடக் குடிக்காதவள்.

இடம், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் எடிசன். 2019, ஜூன் மாசம். தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து மூன்று கீமோவும் ஆகியிருந்தது. துணைக்கு இருக்கலாமே என்று போயிருந்தேன்.

கீமோ என்றால் முடி கொட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு பெரிய விஷயமே இல்லை. குமட்டல்தான் எமன். கடுகு தாளிக்கிற வாசம் மாடிக்கு எட்டினாலே பாத்ரூமுக்கு ஓடுவாள். வழக்கமான வாந்தி மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாசத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் யோசனை சொல்லியிருக்கிறார். ‘‘மாநில அரசு தரும் மருத்துவக் கஞ்சா கார்டுக்கு விண்ணப்பிக்கலாமே?’’

இந்தக் கார்டின் கதை சுவாரஸ்யமானது. 1996-ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஆரம்பித்து வைத்தார்கள். நியூஜெர்சியில் 2010 ஜனவரியில் சட்டம் வந்தது. கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது. வியாதிப் பட்டியல் ஒன்று உண்டு. புற்றுநோயால் வரும் கடும் வலி, குமட்டல் எல்லாம் அதில் இருந்தன. 2018-ல் மைக்ரேன் தலைவலியையும் மனப்பதற்றத்தையும்கூடச் சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் இந்தப் பட்டியல் இருந்தால் மார்ச் மாசத்தில் ஆடிட்டர் ஆபீஸே காலியாகிவிடும்!

அப்போது அரசிடம் பதிவு செய்துகொண்ட டாக்டர், நோயாளியைத் தொடர்ந்து பார்த்து வருபவராக இருக்க வேண்டியிருந்தது. அவர் சான்று கொடுத்தபின் போட்டோ, விலாச ஆதாரம், 2019-ல் இருந்தபடி நூறு டாலர் கட்டணம். இரண்டு வருஷத்துக்குக் கார்டு. ஏறக்குறைய ரேஷன் கார்டு வாங்குகிற மாதிரிதான்.

ஒரே ஒரு வித்தியாசம். டாக்டர் மருந்துச் சீட்டு எழுத முடியாது. காரணம், 1970-ல் அமெரிக்க மத்திய அரசு போட்ட சட்டம் கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயன் இல்லாதவை என்று சொல்லப்பட்ட பட்டியல். அதனால் ‘இவருக்கு இந்த வியாதி இருக்கிறது’ என்று சான்று தருவதோடு டாக்டர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தங்கைக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். மாப்பிள்ளை லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

‘‘வக்கீல்கிட்ட கேட்டேன் மச்சான். இப்ப வேண்டாங்கறார்.’’

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தது. கிரீன் கார்டு. பதினொரு வருஷம் காத்திருந்து வாங்கியது. அடுத்த வருஷம் குடியுரிமைக்கு மனு போட வேண்டும். அந்த 2019 ஏப்ரலில்தான் குடியேற்றத் துறை ஓர் அறிவிப்பு விட்டிருந்தது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா விவகாரம் மத்தியச் சட்டப்படி குற்றம்தான். குடியுரிமை கேட்பவரின் நன்னடத்தைக்கு அது தடையாகலாம் என்று.

ஒரு அரசாங்கம், ‘நோயாளியா, வாம்மா’ என்கிறது. இன்னொரு அரசாங்கம், ‘நல்லவளா என்று பார்க்கணும்’ என்கிறது. இரண்டுக்கும் வரி கட்டுகிறவள் ஒருத்திதான்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பெண்டாட்டி தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கிடக்கிறாள், இந்த மனுஷனுக்குப் பாஸ்போர்ட் கவலையா? ராத்திரி தண்ணி குடிக்க இறங்கியபோது பார்த்தேன். ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் வாந்தி எடுக்கும் பிளாஸ்டிக் பேசின். கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். என் கோபம் அங்கேயே செத்தது.

தங்கைதான் சிரித்தாள். ‘‘பாஸ் பண்ணிட்டேன்ணா. ஆனா மார்க் ஷீட்தான் வாங்கக் கூடாதாம்!’’

மறுவாரம் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ‘ட்ரோனாபினால்’ என்று ஒரு காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். கஞ்சாவில் போதை தருகிற அதே டி.ஹெச்.சி., ஆனால் ஆய்வுக்கூடத்தில் செய்தது. கீமோ குமட்டலுக்காக அமெரிக்க அரசு 1985-லேயே அனுமதித்த மருந்து. மருந்துக்கடையில் சாதாரணமாக வாங்கலாம். வக்கீலும் சரி என்றார்.

செடியில் இருந்தால் குற்றம், காப்ஸ்யூலுக்குள் இருந்தால் மருந்து! அதே 1985-ல்தான் இந்தியாவிலும் போதைப்பொருள் சட்டம் வந்தது. அதில் பூ இருந்தால் கஞ்சா, குற்றம். வெறும் இலை மட்டும் என்றால் அந்த விளக்கத்துக்குள் வராது. வடக்கே பாங் கடைகள் நடப்பது அதனால்தான். செடிக்குத் தெரியுமா இதெல்லாம்?

காப்ஸ்யூல் அவளுக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பையும் நிறையத் தூக்கத்தையும் கொடுத்தது. நாலாம் நாள் காலையில் சமையலறைப் பக்கம் வந்து நின்றாள்.

‘‘இட்லி வெந்துடுச்சா?’’

இரண்டு சாப்பிட்டாள். மாப்பிள்ளை எதுவும் பேசாமல் மூன்றாவதை எடுத்து வைத்தார்.

2021-ல் குடியுரிமை கிடைத்தது. 2022 ஏப்ரலில், இருபத்தொரு வயதான யாரும் கார்டே இல்லாமல் கஞ்சா வாங்குகிற கடைகள் நியூஜெர்சியில் திறந்தன. போனில் சொல்லிச் சிரித்தாள்.

என்னால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. அந்தக் காப்ஸ்யூல் எல்லாருக்கும் கேட்பதில்லை. கேட்காத ஒருத்தி, அவளைப் போலவே கிரீன் கார்டும் பேசினுமாக எந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாளோ?