எட்டுக் கம்பிகள்

வீட்டு இணையத்தின் வேகத்தைப் பற்றி இலக்கிய மலரில் எழுத என்ன இருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் அது தாத்தாவின் தொழில் சம்பந்தப்பட்ட விடயம்.

தாத்தா வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதுகிறார். மகன் பிறந்த பிறகு தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போக முடியாததால் தேடிக்கொண்ட வேலை. பின்னறையில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு லெப்டொப் முன் உட்காருவார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் முகம் உறைந்துவிடும், குரல் அறுந்து போகும். மாத முடிவுக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் வேறொருவரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அங்கிருந்து மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

கட்டாரிலிருக்கும் நானா பாதிப் பணம் தருவதாகச் சொன்னதும், வாப்பா பைபர் இணைப்பை ஒரு கிகாபிட்டுக்கு மாற்றினார். மாதக் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. செக்கனுக்கு 1000 மெகாபிட் என்றார்கள். பின்னறையில் வைத்துப் பார்த்தால் 38. "காசு கரைஞ்சது தான் மிச்சம், பழையதுக்கே போவம்" என்றார் வாப்பா.

உதவி இலக்கத்துக்கு நான்தான் அழைத்தேன். "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்" என்றார் மறுமுனையில் இருந்தவர். வாப்பாவிடம் கொடுத்தேன். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வாப்பா அப்படியே ஒப்புவித்தார். தங்கள் பக்கத்தில் பிழையில்லை என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் அது உண்மைதான் என்பது பிறகு தெரிந்தது.

உயர்தரத்தில் நான் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். பழுது தேடும்போது பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் வைபையை மறந்துவிட்டு, முன்ஹோலில் உள்ள பைபர் பெட்டியிலேயே லெப்டொப்பைக் கேபிளால் இணைத்தேன். 930 காட்டியது. கிகாபிட் கேபிளில் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, வீட்டு வாசல் வரை வேகம் வந்துவிட்டது. அடுத்து நடுஹோலில் இருக்கும் எங்கள் ரவுட்டரில் அதே கேபிளைச் செருகினேன். 94.

அந்த 94ஐப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வலையமைப்புக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய சோடிகளாக இருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி தொடுக்காவிட்டாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதில் கையில் கிடைப்பது 94 அளவுதான்.

சுவருக்குள் ஓடிய கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தோம். வயரிங் பாஸ் சிக்கனக்காரர். நான்கு கம்பியை ரவுட்டருக்குக் கொடுத்து, மற்ற நான்கையும் உம்மும்மாவின் அறைத் தொலைபேசிக்குத் திருப்பியிருந்தார். அந்தக் காலத்துக்கு அது கெட்டித்தனமான வேலைதான். ஆனால் இப்போது எட்டையும் ரவுட்டருக்கு எடுத்தால் உம்மும்மாவின் தொலைபேசி செத்துவிடும். அஸருக்குப் பிறகு தங்கச்சியோடு கதைப்பதற்கு அவருக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டு, கதவு நிலைக்கு மேலாகப் புதிதாக ஒன்றை இழுத்தோம். ஏணியில் ஏறி ஆணியடித்தவர் உம்மா. வாப்பாவுக்கு உயரத்துக்குப் பயம்.

94 போய் 320 வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் துருவியபோது, 2020இல் பாடசாலைகள் மூடியிருந்த நாட்களில் நானா போட்ட பங்கீடு இன்னும் இருந்தது. மூவரும் ஒரே நேரத்தில் ஒன்லைன் வகுப்புப் பார்ப்பதற்காக ஆளுக்கிவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருந்தார். அப்படிப் பங்கிடும்போது வருகிற ஒவ்வொரு பொதியையும் ரவுட்டரின் சின்ன மூளை தானே எண்ணிப் பார்க்கிறது. வேகம் கூடினால் அதற்கு மூச்சு வாங்கும். அதை நிறுத்தினேன். 930.

ஆனால் தாத்தாவின் அறையில் இன்னும் 40தான். நடுவில் மூன்று கபுக் கல் சுவர்கள். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் அந்தச் சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 தாண்டிவரும். அதில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் நெரிசலாக நிற்கும், மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். இதற்கு அமைப்புகளில் மருந்து கிடையாது. இன்னொரு கேபிளைத் தாத்தாவின் மேசைவரை கொண்டுபோனோம். அன்று முதல் ஒரு அழைப்பும் அறுபடவில்லை. மாதம் முடிந்தது, அடுத்த மாதக் கணக்கும் அவருக்கே வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு காணொளி அழைப்புக்குச் சில மெகாபிட்டே போதும். தாத்தாவுக்குத் தேவைப்பட்டது வேகமல்ல, அறுபடாத ஒரு கம்பி. எங்கள் வீட்டு வேலைகள் எல்லாவற்றுக்கும் 100 தாராளம். கொப்பியில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு நானாவுக்கு அழைப்பெடுத்தார். அடுத்த மாதம் 100க்கு இறங்குகிறோம். மிஞ்சும் காசு தாத்தாவின் மகனுடைய பால்மாவுக்கு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உம்மும்மாவுக்கு ஒரேயொரு சந்தேகம்:

"அப்ப என்ட போன் வேல செய்யுமா, மகள்?"