மணி

என் மனைவிக்குப் பார்வை மங்கிய பிறகு வானொலிதான் துணை. அவளுக்காகப் பேரன் பெரிய எண்கள் தெரியும் கடிகாரம் ஒன்று செய்தான். 7 அங்குலத் திரை, அவனே வரைந்த சர்க்யூட் போர்டு. மேசையில் வைத்ததும் பக்கத்திலிருந்த எஃப்.எம்.மில் ஒரே இரைச்சல்.

"வேணாம் கண்ணு, நீயே வச்சுக்கோ" என்றாள். பையன் முகம் வாடிவிட்டது.

திரைக்கு 33 மெகாஹெர்ட்ஸில் துடிப்பு போகிறதாம். அதன் மும்மடங்கு 99. எஃப்.எம்.முக்குள் நேராக வந்து விழுகிறது. திரைக்குப் போகும் ஒவ்வொரு தடத்திலும் ஃபெரைட் மணி ஒன்றைப் பற்றவைத்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அந்த மொழியில் இதற்கு 'பெர்ல்', அதாவது முத்து என்று பெயர். அரிசியைவிடச் சிறிய, கறுத்த முத்து!

இரைச்சல் அடங்கியது. ஆனால் எண்களின் ஓரத்தில் புள்ளிகள் பூச்சிபோல் ஊர்ந்தன.

விவரத்தாளை வாங்கிப் பார்த்தேன் (கோப்பு படித்தே காலம் தள்ளியவன் ஆயிற்றே). 100 மெகாஹெர்ட்ஸில் 600 ஓம் என்றிருந்தது. "33-இல் மட்டும் சும்மா இருக்குமாடா?" என்றேன். யோசித்தான். வேண்டாத அலையோடு வேண்டிய துடிப்பையும் அது மழுக்கியிருக்கிறது.

மணிகளை எடுத்துவிட்டு, அதே இடங்களில், சிப்பை ஒட்டி, 33 ஓம் ரெசிஸ்டர் வைத்தான். மின்சாரம் வரும் தடத்தில் மட்டும் ஒரு மணி. எண்கள் தெளிந்தன. வானொலியை ஒரு முழம் தள்ளி வைத்தால் இரைச்சலும் இல்லை.

கடிகாரம் மேசையிலேயே இருக்கிறது. மணி என்ன என்று அவள் இன்னும் என்னைத்தான் கேட்கிறாள்.