மேலே ஒரு பெட்டி, உள்ளே ஐந்து பேர்

போன ஈஸ்டருக்கு யைலோவில் எடுத்த படமொன்றைக் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் போட்டிருந்தோம். பின்னால் பனிமலை, நடுவில் கார், காரைச் சுற்றி நாங்கள். கொக்குவிலில் இருந்து மச்சாள் உடனே கேட்டாள்: "அதென்னடி, காருக்கு மேல சவப்பெட்டி மாதிரி?"

சிரித்துவிட்டு, "பிறகு சொல்லுறம்" என்று எழுதினோம். இது அந்தப் பிறகு.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கையும். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், குரூருத்தாலனில் பிறந்து வளர்ந்தவர்கள். நோர்வேக்காரர் காலில் ஸ்கீயோடு பிறக்கிறார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. நாங்கள் வெறுங்காலோடு பிறந்தோம். எங்கள் வீட்டுக்கு ஸ்கீ வந்தது ஆசையால் இல்லை, பள்ளிக்கூடத்தால். குளிர்காலத்தில் ஒருநாள் 'ஸ்கீ நாள்' என்று கடிதம் வரும். பிள்ளை ஸ்கீ கொண்டுவர வேண்டும். இல்லாத பிள்ளை சறுக்குப் பலகையோடு ஓரமாய் நிற்கும். அம்மா ஒரு வருசம் அதைப் பார்த்தார். அடுத்த வருசம் யாரோ பாவித்த இரண்டு சோடி வாங்கிவிட்டார். இங்கே அதை 'ஷி' என்றுதான் உச்சரிப்பார்கள். பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டு என்று பொருளாம். அம்மா அது தெரியாமலே அன்றுதொட்டு 'கட்டை' என்றுதான் சொல்கிறார்.

கட்டையின் சிக்கல் அதன் நீளம். மலையில் இருந்து சறுக்கி இறங்குகிற ஸ்கீ ஆளைவிடக் கொஞ்சம் கட்டையாக இருக்கும். காட்டுக்குள் நடந்து ஓடுகிற ஸ்கீ அப்படியில்லை. ஆளின் உயரத்தைவிட ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் கூட வேணும். அக்காவுக்கு 195. எங்கள் காரில் அதை வைப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. பின் சீற்றில் ஒரு பக்கத்தை மடக்கி, டிக்கியில் இருந்து முன்னுக்கு நீட்டி வைக்க வேணும். அப்போது ஐந்து பேர் இருக்கிற கார் நான்கு பேர் கார் ஆகிவிடும்.

நாங்கள் ஐந்து பேர். அம்மா, அப்பா, நாங்கள், தம்பி.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அப்பா சொல்வது ஒன்றுதான்: "நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு வேலை." அப்பா உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். லீவு நாளில் சம்பளம் கூட. அதனால் நாங்கள் கேள்வி கேட்கவில்லை. வாசலில் நின்று கை காட்டுவார். நாங்கள் ஒடியற்கூழும் வெய்யிலும் இல்லாத ஒரு விடுமுறைக்கு, ஒறேஞ்சும் குவிக் லுன்ஷ் சொக்கிளேற்றும் கட்டிக்கொண்டு போவோம்.

போன மாரியில் அம்மா கார் ஓட்டும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அந்த மனுசனுக்கு ஈஸ்டருக்கு வேலை போடுறதில்லை. தானாக் கேட்டு எடுக்கிறவர்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை காரில் பெரிய கதை இல்லை. நாங்கள் அப்பாவை நம்பினோம் என்று சொல்வது முழு உண்மை இல்லை. நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அப்படித்தான் கூரைப் பெட்டி வாங்குவது என்று முடிவெடுத்தோம். இங்கே அதை 'ஷிபொக்ஸ்' என்பார்கள். புதிது பல ஆயிரம் குரோனர். பகுதிநேர வேலைக் காசில் கட்டாது. ஆகவே 'ஃபின்' தளத்தில் பழையது தேடினோம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உதுக்கேன் இவ்வளவு காசு? கயிறு இருந்தாக் காணும்" என்றார்.

அவர் சும்மா சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் வெளிக்கிட்டபோது, ஒரு சைக்கிளில் அரிசி மூட்டை, தையல் மெசின் தலை, இரண்டு குடம், அப்பம்மா என்று எல்லாவற்றையும் ஏற்றிச் சாவகச்சேரி வரை உருட்டியவர். கட்டத் தெரிந்த மனுசன். ஆனால் இது வேறு கட்டு. ஸ்கீயை வெளியே பூட்டுகிற மலிவான தாங்கிகளும் இருக்கின்றன. ஆனால் மாரியில் தெருவுக்கு உப்புப் போடுவார்கள். அந்த உப்புச் சேறு ஸ்கீயின் பூட்டுகளுக்குள் போய் இறுகும். பைகளுக்கும் அதில் இடமில்லை.

பெட்டி தேடும்போது நாங்கள் படித்த முதல் பாடம் பாரம். எங்கள் காரின் கூரை 75 கிலோ தாங்கும் என்று கார்ப் புத்தகத்தில் இருந்தது. 75 கிலோ சாமான் ஏற்றலாம் என்று நினைத்துவிட்டோம். அப்படியில்லை. குறுக்குச் சட்டங்களும் பெட்டியும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். சட்டம் 6, பெட்டி 19. மிச்சம் 50 கிலோதான். சில சின்ன மின்சாரக் கார்களில் கூரையில் எதுவுமே ஏற்றக்கூடாது. எனவே பெட்டியின் விலையைப் பார்க்க முதல் காரின் புத்தகத்தைப் பாருங்கள்.

இரண்டாவது பாடத்தைச் சொல்லித்தந்தது அப்பா. முதல் பெட்டியைப் பார்க்கப் போனபோது தானும் வந்தார், சட்டைப் பையில் ஒரு கயிற்றோடு. அக்காவின் ஸ்கீயை அளந்து, இரண்டு அந்தத்திலும் முடிச்சுப் போட்டிருந்தார். விற்றவர் "2 மீற்றர் பெட்டி" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் மூடியைத் திறந்து கயிற்றை உள்ளே நீட்டினார். ஒரு முடிச்சு வெளியே நின்றது. 2 மீற்றர் வெளியளவு. முன்பக்கம் கூராகச் சரிவதால் உள்ளே 185தான். நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டாவது பெட்டி 500 லீற்றர், அகலமானது. கயிறு உள்ளே போனது. ஆனால் காரில் வைத்துப் பார்த்தபோது டிக்கிக் கதவு மேலே எழும்பிப் பெட்டியில் இடித்தது. முன்னுக்குத் தள்ளினால் கண்ணாடிக்கு மேலே தொப்பி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அதுவும் சரிவரவில்லை.

மூன்றாவது ஒடுக்கமானது, நீளமானது, இரண்டு பக்கமும் திறக்கக்கூடியது. கயிறு தாராளமாய்ப் போனது. பிளாஸ்ரிக்கில் வெடிப்பு இருக்கா, பூட்டுக்குத் திறப்பு இருக்கா, பிடிகள் எங்கள் சட்டத்துக்குப் பொருந்துமா என்று பார்த்தோம். எல்லாம் சரி. காசைக் கொடுத்தோம். அப்பா பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காரைநகர் சீநோர் வள்ளத்தைக் கவிட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார்.

"அப்பா, இந்தமுறை உங்களுக்கும் சீற் இருக்கு" என்றோம்.

"எனக்கு வேலையெல்லோ" என்றார்.

"இல்லை. தெரியும்."

கொஞ்ச நேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்குக் கட்டை இல்லையே" என்றார். அதற்கும் வழி இருந்தது. 'பூஆ' நிலையங்களில் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் எடுக்கலாம். அப்பாவுக்கு 190 கிடைத்தது.

பெட்டியை அடுக்கியது அவர்தான். பாரமானது இரண்டு சட்டங்களுக்கும் நடுவில், மென்மையான பைகள் முன்னுக்கு, ஸ்கீகளை ஒன்றாகச் சேர்த்து உள்ளே இருக்கிற வாரால் இறுக்க வேணும். சடுதியாக பிரேக் போட்டால் கட்டப்படாத ஸ்கீ பெட்டியைக் கிழித்துக்கொண்டு முன்னுக்குப் பாயும். சப்பாத்துகள் காருக்குள், காலடியில். ஒஸ்லோவில் இருந்து யைலோவுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். ஹொனெஃபொஸ்ஸில் நிற்பாட்டி, இறங்கிப் பிடிகளை ஒருக்கால் இறுக்கினார். அது சரியான பழக்கம், கொஞ்சத் தூரம் ஓடினபிறகு கட்டாயம் பார்க்க வேணும். ஆனால் கூலில் நிற்பாட்டியும் பார்த்தார். இடையில் பெற்றோல் அடித்த இடத்திலும் பார்த்தார். வேகம் கூடும்போது பெட்டி விசிலடித்தது, எண்ணெய்யும் வழமையைவிடக் கூடக் குடித்தது. பின் சீற்றில் நாங்கள் மூன்று பேரும் முழங்கையால் இடிபட்டுக்கொண்டு இருந்தோம். இவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் எங்கும் போனதில்லை.

அப்பா அன்றைக்கு ஒன்பது தரம் விழுந்தார். தம்பி எண்ணினான். பத்தாவதுக்கு முதல் பனியிலேயே இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டார். பக்கத்தில் போன நோர்வேக் கிழவி ஒருத்தி நின்று, முழங்காலை மடக்குங்கள் என்று செய்து காட்டிவிட்டுப் போனார். அப்பா எழும்பினார்.

இத்தனை வருசமும் அவர் விட்டுத்தந்த சீற்றை ஒரு பெட்டி ஈடுசெய்துவிட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவர் கை காட்டி அனுப்பிய ஈஸ்டர்கள் திரும்பி வராது.

மச்சாள், அது ஷிபொக்ஸ். இப்ப நிலவறையில் கிடக்கு. கயிற்றையும் அதற்குள்தான் வைத்திருக்கிறார், அடுத்த ஈஸ்டருக்கு.