ரெண்டு நிமிஷத் திரி

எங்க ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பென்னாகரம் பக்கத்துல தண்ணியில மிதக்குற வண்டின்னா ஒகேனக்கல் பரிசல் மட்டும்தான். அப்படிப்பட்ட ஊர்ல பொறந்துட்டு, பகல்ல பெங்களூர்ல பொட்டி தட்டுறேன், ராத்திரியில அட்லான்டிக் கடல்ல டார்பிடோ விடுறேன். :-)

காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன் 'சைலன்ட் ஹன்டர் 3' போட்டுக் கொடுத்ததுல ஆரம்பிச்ச வியாதி. 2005ல் வந்த பழைய கேம். நாமதான் நீர்மூழ்கியின் கேப்டன். பெரிஸ்கோப்பில் கப்பலைப் பார்த்து, தூரம், வேகம், கோணம் எல்லாம் கணக்குப் போட்டு டார்பிடோவை விடணும். பத்தாவதுல தூங்கி வழிஞ்ச ட்ரிக்னாமெட்ரி எனக்கு உருப்படியா உதவினது இதுக்குத்தான்.

கணக்கெல்லாம் சரி. அடி வாங்கின கப்பல் முழுகுற விதம்தான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். அந்த கேமில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஹிட் பாயின்ட் என்று ஒரு நம்பர் உண்டு. அடிக்க அடிக்கக் குறையும், தீர்ந்ததும் கப்பல் காலி. இது பிடிக்காத ரசிகர்கள் சிலர் மெனக்கெட்டு மாட் எழுதினாங்க. அதைப் போட்டால் நம்பருக்கு வேலை குறைவு. ஓட்டை வழியா தண்ணி புகுந்து, கப்பல் மெதுவா சாய்ஞ்சு, சில சமயம் மணிக்கணக்கா இழுத்துத்தான் முழுகும்.

நிஜமும் அப்படித்தான், நம்பருக்குள்ள அடங்காது. 1942 ஆகஸ்டில் மால்டா தீவுக்கு எண்ணெய் கொண்டு போன 'ஒஹையோ' கப்பலை எடுத்துக்குங்க. டார்பிடோ வாங்குச்சு, குண்டுகள் வாங்குச்சு, சுட்டு வீழ்த்தின விமானம்கூட மேல வந்து விழுந்துச்சு. அப்பவும் ரெண்டு போர்க்கப்பல்கள் ஆளுக்கொரு பக்கம் அணைச்சுப் பிடிக்க, துறைமுகம் போய்ச் சேர்ந்துச்சு. எண்ணெய்க் கப்பலுக்குள்ள தனித்தனித் தொட்டிகள். ஒண்ணு உடைஞ்சாலும் மத்தது மிதக்கவைக்கும். அதே போரில் இரும்புத்தாது ஏத்தின கப்பல்கள் ஒரே அடியில் கல்லு மாதிரி இறங்கியிருக்கு. உள்ளே என்ன இருக்கு, எங்கே அடி விழுது என்பதுதான் விஷயம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப திண்ணையில லேப்டாப்பை வச்சு ஆடிக்கிட்டிருந்தேன். பெரியப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்தார். வயசுல கிணறு வெட்டுற வேலைக்குப் போனவர். இடது காது கேக்காது.

"நேரா மோத விடாம எதுக்குடா கப்பலுக்கு அடியில போக விடுற?"

"சைடுல மோதினா ஓட்டைதான் பெரிப்பா. அடியில வெடிச்சா முதுகெலும்பே முறிஞ்சிடும்."

"ஆமா, தண்ணி அடைச்சுக்கும்ல?" என்றார் சாதாரணமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரே விளக்கினார். பாறையில ஓட்டை போட்டு மருந்து வச்சா மேல களிமண்ணை நல்லா அடைக்கணுமாம். அடைக்கலைன்னா வெடி காத்துல போயிடும், பாறை சிரிக்கும்னார். கடல்ல அந்தக் களிமண் வேலையைத் தண்ணி பார்க்குது. தண்ணியை அமுக்க முடியாது. அதனால வெடிச்ச வாயுக்குமிழி கப்பலின் நடுவயித்தை மேலே தூக்கும். அடுத்த நொடி குமிழி சுருங்கும், நடுவில் தாங்க ஒண்ணும் இல்லாம கப்பல் கீழே தொங்கும். விறகுக்குச்சியை முன்னும் பின்னும் வளைச்சு ஒடிக்கிற மாதிரிதான்.

1999ல் ஆஸ்திரேலியக் கடற்படை தன்னோட பழைய கப்பல் 'டாரன்ஸ்'ஸை ஒரே டார்பிடோவில் ரெண்டா உடைச்ச வீடியோவைக் காட்டினேன். பார்த்துட்டு, "உள்ள ஆளு?" என்றார்.

"இல்ல பெரிப்பா. டெஸ்டுக்கு விட்ட காலிக்கப்பல்."

"நம்ம நாட்டுக்கப்பல் ஏதாவது இப்படிப் போயிருக்கா?"

போயிருக்கு. ஐஎன்எஸ் குக்ரி. 1971 டிசம்பர் 9, ராத்திரி, டையூ பக்கத்துக் கடல். பாகிஸ்தானின் 'ஹாங்கர்' நீர்மூழ்கி விட்ட டார்பிடோ. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடவே போனார். இறப்புக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தாங்க. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், மொத்தம் 194 பேர் திரும்பலை.

"எவ்வளவு நேரத்துல முழுகுச்சு?"

"சுமாரா ரெண்டு நிமிஷம்னு சொல்றாங்க."

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். "எங்களுக்கும் அதே கணக்குதான்டா. திரியைப் பத்த வச்சா ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள அறுபதடி கயித்துல மேல வரணும். பகல் வெளிச்சம், தெரிஞ்ச கிணறு, தெரிஞ்ச கயிறு. அப்பவே ஒருத்தன் பாதியில கை வழுக்கிட்டான். மேல நின்னு இழுத்தது நான்தான். இழுக்க இழுக்கக் கயிறு லேசா வந்துச்சு."

காது போனது அன்னைக்குத்தானாம். இத்தனை வருஷத்துல எங்க யாருக்கும் அவர் சொன்னதில்லை. சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ராத்திரி நேரம், லைட் போன கப்பல், சாய்ஞ்ச ஏணி, குறுகலான வழி, ரெண்டு நிமிஷம். ஹிட் பாயின்ட் சரியில்லை, தண்ணி புகுற வேகம் சரியில்லைன்னு இத்தனை வருஷம் குறை சொன்ன எனக்கு, உள்ளே இருக்கிறவன் மேலே வர எத்தனை நேரம் என்ற கேள்வி ஒரு தடவைகூட வந்ததில்லை. சேதம்னா அதுதானே முதல் கணக்கு?

கேமை விட்டுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஆடினேன். ஒரு சரக்குக் கப்பலுக்கு அடி விழுந்தது. வழக்கமா அந்த நேரம் நேரத்தை வேகமா ஓட்டும் பட்டனை அழுத்திட்டு டீ போடப் போவேன். இந்தத் தடவை அழுத்தலை. நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன்.

முழுகினதும் எத்தனை டன்னுன்னு திரையில காட்டுச்சு. எத்தனை பேருன்னு காட்டலை.