உடைக்கக் கூடாத மாத்திரை

அகமதாபாத் வந்து பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மணிநகரில் வீடு. இட்லி மாவு கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், மார்கழியில் பஜனைகூட கேட்கும். ஆனாலும் மருந்துக்கடையில் 'கோளி' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் ஊர் கோலிக்குண்டுதான் நினைவுக்கு வருகிறது. குஜராத்தியில் கோளி என்றால் மாத்திரை.

இது மாத்திரையைப் பற்றிய பதிவுதான். நான் படித்தது பி.காம்., வேலை வங்கியில். மருந்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் பதில் கிடையாது. தப்பு செய்தவன் என்பது ஒன்றுதான் தகுதி.

2022-ல் அம்மா எங்களோடு இருக்க வந்தார்கள். எழுபத்தாறு வயது, ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் ரிட்டார்ட் 20 மில்லிகிராம். ஒரு வாரம் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கி வாயெல்லாம் புண். "தம்பி, மாத்திரை தொண்டையில நிக்குதுப்பா" என்றார்கள். இதற்கா கவலை என்று ஏலக்காய் தட்டும் குட்டி உரலை எடுத்தேன். மாத்திரையைப் போட்டு நைசாகப் பொடித்து, தேனில் குழைத்து, நானே ஊட்டினேன். "எங்கப்பா எனக்கு இப்படித்தான் சூரணம் தருவார்" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தங்கமணி எட்டிப் பார்த்து, "ரொம்பத்தான் பாசம்" என்றாள்.

அரை மணி நேரம் இருக்கும். அம்மாவுக்கு முகம் சிவந்தது. "படபடன்னு வருதுடா" என்றார்கள். எழுந்து நின்றவர்கள் அப்படியே சரிந்தார்கள். தங்கமணி தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் தலை கிரைண்டரில் மோதியிருக்கும். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அழுத்தம் 80-க்கு 50. டிரிப்ஸ் ஏற்றி ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதைப் பொடித்துக் கொடுத்தீர்களா?"

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மா மறுநாள் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் கேட்டார்கள். திருச்சியில் இருக்கும் அண்ணனிடம், "லேசா தலைசுத்தல், ஒண்ணுமில்ல" என்று போனில் சொன்னேன். நிறுத்தி நிதானமாக, கூசாமல் சொன்ன பொய்.

சரி, அந்த மாத்திரைக்குள் என்னதான் இருந்தது? அது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது, அதுவும் வங்கி தயவில். மருந்துத் தொழிற்சாலைகளுக்கான ஷெட்யூல் எம் விதிகளைத் திருத்தி 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். சின்னக் கம்பெனிகள் எல்லாம் ஆலையை மேம்படுத்தக் கடன் கேட்டு வரிசையில் நின்றன. அப்படி ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிடப் போனேன். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. கொட்டேஷனில் உள்ள இயந்திரம் உள்ளே இருக்கிறதா என்று டிக் அடிப்பதுதான் என் வேலை. சுற்றிக் காட்டியது ஃபார்முலேஷன் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பென் (இங்கே பெண்களை அப்படித்தான் அழைக்க வேண்டும், அக்கா தங்கை என்று அர்த்தம்).

முதலில் ஒரு கண்ணாடி உருளை. உள்ளே மாத்திரைகளைப் போட்டு நிமிடத்துக்கு 25 சுற்று, நாலு நிமிடம், மொத்தம் நூறு சுற்று. உருண்டு விழுந்து தேய்ந்ததில் எடை ஒரு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. லாரியில் குலுங்கி வந்து நம் கைக்கு மாவாகச் சேரக்கூடாது இல்லையா, அதற்காக. அடுத்தது 40 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அலமாரி. ஆறு மாதம் மாத்திரைகள் அதற்குள் வெந்துகொண்டு கிடக்கும். சென்னை மே மாதத்தைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

களிம்புக்கும் தனிச் சோதனை உண்டு. சின்னக் கண்ணாடிக் குப்பி, மேலே தோலுக்குப் பதில் மெல்லிய சவ்வு, அதன்மேல் ஜெல். கீழே உள்ள திரவத்தில் மணிக்கு எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று அளப்பார்கள். வெப்பம் 32 டிகிரி, அதாவது தோலின் மேல்புறச் சூடு. "சூடு ஏறினால் மருந்து வேகமாக இறங்கும்" என்றார் பென். அம்மா முட்டிக்கு ஜெல் தடவி அதன்மேல் வெந்நீர்ப் பை வைப்பது ஞாபகம் வந்தது. அன்றோடு அந்தப் பையை ஒளித்து வைத்தாயிற்று.

பிறகுதான் அந்த இயந்திரம். வெந்நீர்த் தொட்டியில் ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் திரவம், 37 டிகிரி, நம் உடம்புச் சூடு. அடியில் ஒவ்வொரு மாத்திரை. மேலே துடுப்பு மெதுவாகச் சுற்றுகிறது. அன்று ஓடியது சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். குனிந்து பார்த்தேன். ஊறவைத்த சப்ஜா விதை மாதிரி மாத்திரையைச் சுற்றி வழவழவென்று ஒரு கூழ். ஹெச்.பி.எம்.சி. என்ற பொருளை மருந்தோடு கலந்து அழுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அது கூழாகி மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. முதல் மணியில் இவ்வளவு, நாலாவது மணியில் இவ்வளவு என்று வரம்பு இருக்கிறது. சீக்கிரம் விட்டாலும் தப்பு, தாமதமாக விட்டாலும் தப்பு.

"பொடித்துப் போட்டால்?" என்று கேட்டேன். குரல் சரியாக வரவில்லை.

"பிறகு எதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தோம்? நாள் முழுக்கப் போக வேண்டியது உடனே இறங்கிவிடும்" என்றார். அப்பா ரிட்டயர் ஆனபோது பென்ஷனில் ஒரு பகுதியை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கியது மனசில் ஓடியது. மாசாமாசம் வர வேண்டியது ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. பணமாக இருந்தால் வீட்டுக்குக் கூரை போடலாம். ரத்தத்தில் வந்தால்?

தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்றால் கால அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. எஸ்.ஆர். என்பது அளபெடை. நான் அதைக் குறிலாக்கிவிட்டேன். (தமிழய்யா மன்னிக்க.)

மருந்து தவிர மீதியெல்லாம் சும்மா மாவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பென் ஒரு கதை சொன்னார். 1968-ல் ஆஸ்திரேலியாவில் வலிப்புக்கான ஃபெனிட்டாயின் கேப்ஸ்யூலில், அதுவரை நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவே இல்லை. ஆனால் சாப்பிட்டவர்களுக்குத் தள்ளாட்டம், தலைசுற்றல். ரத்தத்தில் மருந்து ஏறிப்போயிருந்தது. லாக்டோஸ், அதாவது வெறும் பால் சர்க்கரை!

கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, அது வேறு கதை.

வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., ரிட்டார்ட் என்று எதுவாவது பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரலை எடுக்காதீர்கள். குடலில் கரைய வேண்டிய பூச்சு போட்டவையும் அப்படித்தான். நடுவில் கோடு போட்ட சில எஸ்.ஆர். மாத்திரைகளைப் பாதியாக்கலாம், ஆனால் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் வேறு வகை எழுதித் தருவார். அம்மாவுக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள். நான் ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உரல், தேன், 80-க்கு 50, என் பொய், எல்லாம். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று, "அண்ணே?" என்றேன்.

"அப்பாவுக்குக் கடைசி மூணு மாசம் எல்லா மாத்திரையையும் சேர்த்து இடிச்சு மோர்ல கலந்துதானேடா குடுத்தேன்" என்றான்.

அப்பா போனது 2017-ல். ஈரலில் புற்றுநோய். "அது வேற அண்ணே, அவருக்கு டாக்டரே நாள் சொல்லிட்டார்ல" என்றேன்.

"பழைய சீட்டெல்லாம் பீரோவுலதான் இருக்கு. என்னென்ன குடுத்தோம்னு எடுத்துப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்ணே" என்றேன்.

"ம்" என்றான். அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவர்கள் இருவரும் வெண்டைக்காய் விலையைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.